பாவாயத்தை இல்லாத புத்தகம்

கண்ணு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். முதலில் நீ கேட்டுக்கொண்டாய் என்பதற்காக. பிறகு உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்பதற்காக. அதற்கப்புறம் வெறும் பழக்கத்தினால். போன வாரம் நீ போன் செய்திருக்காவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் அப்படியே ஓடியிருக்கும். ஒரு வருஷத்துக்கு மேலாகக் கேட்காத குரல். வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்தவன், உன் பெயர் திரையில் வந்ததும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டுதான் எடுத்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை, நீயும் என்னைப் பார்க்கப்போவதில்லை, இருந்தாலும் மாட்டிக்கொண்டேன். சாப்பிட்டீங்களா என்றாய், பிரஷர் மாத்திரை இருக்கிறதா என்றாய், பிறகு விஷயத்துக்கு வந்தாய். உன் மாமனாரின் தகப்பனார், நம் பெரியவர், இறந்து முதல் வருஷத் திதி வரப்போகிறது. அவரைப் பற்றி நான் எழுதிய புத்தகத்தை அன்றைக்கு இரண்டாம் பதிப்பாகக் கொண்டுவர மாமா நினைக்கிறார். நான் இரண்டு பக்கம் முன்னுரை எழுதித் தர வேண்டும். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "பழசு எதையும் கெளற வேண்டாமுங்கப்பா" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததுதான் இது.

எப்படி இருக்கிறேன் என்று கேட்டாய், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இப்போது சொல்கிறேன். உன் மகளைப் பார்த்துக்கொள்ளப் போன உன் அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை உன் டிரைவரோடு வந்து, டப்பா டப்பாவாகக் குழம்பைப் பிரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போகிறாள். புதன்கிழமைக்கு மேல் எல்லாக் குழம்பும் ஒரே ருசியாகிவிடுகிறது. உன் மாமனார் வீடு இருக்கிற ரேஸ்கோர்ஸுக்கும் இந்தப் போத்தனூருக்கும் நடுவில் என்ன தூரம்? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து செய்தித்தாளை விரிப்பதற்குள் வந்துவிடும். ஆனால் நீ இருப்பது வேறு நாட்டில் என்றால்கூட இதைவிட அடிக்கடி முகத்தைப் பார்த்திருப்பேன் என்று தோன்றுகிறது. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் வாசலில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துப் பேரனிடம் பேசுகிறார். நான் உள்ளே போய்விடுகிறேன்.

இலக்கியச் செய்திகளும் சொல்ல வேண்டும் இல்லையா. நீ சின்னவனாக இருந்தபோது ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்வந்து உனக்குத்தான் முதலில் சொல்வேன். யார் மைக்கை விடவில்லை, யார் போண்டாவுக்கு மட்டும் வந்தார் என்று கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாய். இந்த வருஷம் புத்தகக் கண்காட்சியில் என் பதிப்பாளர் கடையில் ஒரு நாள் பூராவும் உட்கார்ந்திருந்தேன். நொய்யல் குளங்களைப் பற்றிய என் புத்தகம் மூலையில் இருந்தது. ஒரு அம்மா வந்து எடுத்துப் புரட்டினார். சமையல் குறிப்பு இதே கடையில் கிடைக்குமா என்று கேட்டார். எதிர்க்கடையில் ஒரே கும்பல். அங்கே உட்கார்ந்திருந்தவர் யார் என்று உனக்குத் தெரியும். என்னோடு குளக்கரை குளக்கரையாக நடந்தவர், என் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வந்தவர். இப்போது அந்தக் குளங்களைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறார். என் வாக்கியங்களை அப்படியே சொல்லிவிட்டு, "ஒரு ஆய்வாளர் எழுதியிருக்கிறார்" என்று முடிக்கிறார். அந்த ஒருவனுக்குப் பெயர் கிடையாது. இரண்டு இளைஞர்கள் என்னிடம் செல்போனைக் கொடுத்து அவரோடு படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். நன்றாகவே வந்தது.

இதையெல்லாம் நான் மறப்பதில்லை என்பது உனக்குக் குறை. கல்லூரியில் எனக்கு ஜூனியரைத் துறைத் தலைவராக்கியபோது விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கும் நீ, "அவங்க பேரு போர்டுல இருந்தா உங்களுக்கென்னங்கப்பா, பாடம் நடத்தறது நீங்கதான" என்றாய். உனக்கு அது புரியாது. ஊர் ஊராகக் கல்வெட்டு, நடுகல் என்று தேடி அலைகிறவன் தேடுவது பெயரைத்தான். யார் வெட்டினார்கள், யார் கொடுத்தார்கள், யார் செத்தார்கள். பெயர் உடைந்துபோன கல்லைப் பார்த்தால் மிச்ச எழுத்தை விரலால் தடவிப் பார்க்காமல் நகர மாட்டேன். இருபது வருஷமாக வகுப்பில் முதல் நாள் சொல்வேன்: ஊரும் பேரும் இல்லாமல் யாராவது ஒரு சங்கதி சொன்னால் அது வரலாறு இல்லை, வதந்தி. மற்றவர்களின் பெயருக்காக இவ்வளவு அலைந்தவனுக்குத் தன் பெயர் மேல் ஆசை இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதனால்தான் உன் மாமனார் வீட்டை எனக்கு முதலில் பிடித்துப்போயிற்று. நீயும் அந்தப் பெண்ணும் கல்லூரியில் பழகினீர்கள். சாதி ஒன்று, குலக்கூட்டம் வேறு. ஆகவே காதல் என்ற வார்த்தையை யாரும் எடுக்கவே இல்லை, பொருத்தம் என்றே எல்லோரும் சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் 'வரலாற்று ஆய்வாளர்' என்று போட்டிருந்தார்கள். என் சொந்த அண்ணன் மகன் கல்யாணத்தில்கூட அப்படிப் போடவில்லை. அந்தப் பத்திரிகையில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன்.

உன் மகளுக்குக் காது குத்திய அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். குலதெய்வக் கோயிலில், ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது. பெரியவர் கையை நீட்டி வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "அழுகாத பாவாயி, அழுகாத சாமி" என்றார். உன் மனைவி தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள். "என்னுங்க அப்பாரு, எந்தக் காலத்துப் பேரு இது? அவ பேரு வேறயாக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நவீனமான பேர் பெரியவர் வாயில் நுழையவில்லை என்று நினைத்தோம். அன்று பந்தியில்தான் உன் மாமனார் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, அப்பாவுக்கு எண்பது நடக்கிறது, பம்பு கம்பெனியும் நல்லபடியாக இருக்கிறது, அவர் வாழ்க்கையை ஒரு புத்தகமாகப் போடலாம் என்று ஆரம்பித்தார். வெளியாளுக்குச் சொன்னால் சரிப்படாது, நீங்கள் எழுதினால் வீட்டு ஆள் எழுதின மாதிரி என்றார். எனக்கு அந்த வார்த்தை இனித்தது.

காலையில் கார் வரும். ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் பெரியவர் குளித்து, வெள்ளைச் சட்டையோடு தயாராக உட்கார்ந்திருப்பார். என் போனை மேஜையில் வைத்துப் பதிவு செய்வேன். முதல் லேத்து, முதல் மோட்டார், கரண்ட் இல்லாத காலத்தில் டீசல் எஞ்சின், வெளியூரில் முதல் ஏஜென்சி. மேடையில் பலமுறை சொல்லித் தேய்ந்த கதைகள். நான் எழுத வேண்டிய அவசியமே இல்லை, அவரே அச்சுக்கோத்த மாதிரி பேசுவார். பள்ளிக்கூட நாட்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் தென்னை மரத்தைப் பார்ப்பார். ஒரு நாள் நான் விடாமல் கேட்டபோது கையை நீட்டிப் போனைக் கவிழ்த்து வைத்தார். "இத அணச்சுப் போடுங்க வாத்தியாரே" என்றார்.

அணைத்த பிறகு அவர் சொன்னது இது: அவருடைய அப்பாவுக்கு ஒரு தங்கை. பெயர் பாவாயி. சந்தைக்கு ஜமக்காளம் கொண்டுவந்த பவானித் தறிக்காரர் ஒருவரோடு போய்விட்டாள். வேறு சாதி. நம்மவர்கள் அந்தக் காலத்தில் என்ன செய்வார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன்: தலைமுழுகினார்கள். உயிரோடு இருக்கிறவளுக்குச் செத்தவளுக்குச் செய்கிற மாதிரி வீட்டு ஆண்கள் எல்லோரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, இனி அப்படி ஒருத்தி இல்லை என்று முடித்துவிட்டு வந்து சோறு உண்டார்கள். முன்னால் நின்று செய்தவர் பெரியவரின் அப்பா, அவளுடைய சொந்த அண்ணன். பிள்ளைகளிடம் அத்தை செத்துப்போனாள் என்றே சொல்லி வளர்த்தார்கள்.

பிறகு பஞ்சம் வந்தது. கிணறு பாறை தெரிய வற்றியது, மாட்டை ஓட்டிக்கொண்டு போய் வந்த விலைக்கு விற்றார்கள், வீட்டில் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை. அப்போதுதான் அந்த அண்ணன் தன் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பவானிக்குப் போனார். தெருவுக்குள் கால் வைக்கவில்லை. முனையிலேயே நின்றுகொண்டு, ஒரு வீட்டைக் கைகாட்டி, போய் அத்தை என்று கூப்பிடுங்கள் என்றார். மூத்தவர் நம் பெரியவர், அப்போது சின்னப் பையன். அவர் அப்பாவிடம் கேட்டாராம்: "செத்துப்போன அத்த எப்படிங்கய்யா கதவத் தொறக்கும்?" அவர் மறுபடியும் அதே வீட்டைக் கைகாட்டினார். பிள்ளைகள் போய்த் தட்டினார்கள். அவள் திறந்தாள். மூன்று பேரையும் பார்த்தாள். தெருமுனையைப் பார்த்தாள். அதற்குள் அங்கே யாரும் இல்லை. "கையக் காலக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்றாள். யார் என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. மழை பெய்து மற்ற இரண்டு பேரும் ஊர் திரும்பிய பிறகும் பெரியவர் அங்கேயே இருந்து பள்ளிப் படிப்பை முடித்தார். ஆடிப்பெருக்கு அன்று ஆறுகள் சேருகிற கூடுதுறையில் அவளோடு இறங்கிக் குளித்ததைச் சொல்லும்போது எண்பது வயது மனுஷன் கையால் தண்ணீரைத் தள்ளிக் காட்டினார்.

அவள் செத்தபோது, நிஜமாகச் செத்தபோது, அண்ணன் போகவில்லை. பெரியவர் போய்ச் சொந்தக்காரன் மாதிரியும் இல்லாமல், வேடிக்கை பார்க்கிறவன் மாதிரியும் இல்லாமல் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டு வந்தார். "மேடையில எல்லாம் எங்கய்யன் படிக்க வெச்சாருன்னுதான் பேசியிருக்கறனுங்க. அவ பேரு எங்கயுமே வரலீங்க வாத்தியாரே. ஒருக்கா அச்சுல வந்தரோணும். அதுக்குத்தான் நா இந்தப் புஸ்தகத்துக்கே ஒத்துட்டது" என்றார். அதற்குப் பிறகு காபி வந்தது. இரண்டு பேரும் ஆறவிட்டுக் குடித்தோம்.

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து நான் எழுதுவதில்லை. பவானிக்குப் போனேன். அவளுடைய பேத்தி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பெரியவரின் பெயரைச் சொன்னதும் கடையில் இருந்தவர்களை அனுப்பிவிட்டு என்னை உள்ளே உட்கார வைத்தாள். வருஷம் தவறாமல் ஆடிப்பெருக்குக்கு வருவாராம். "காரு அந்தப் பக்கமே நின்னுக்குமுங்க. அவரு மட்டும் நடந்து வருவாரு. எங்க ஊட்டுல ஒரு வாய் சோறு உண்டுட்டுத்தான் போவாரு" என்றாள். கிளம்பும்போது, "எங்க ஆயா பேரு போடுவீங்களா சார்?" என்று கேட்டாள். போடுவேன் என்றேன். வாழ்நாளில் நான் எழுதியதிலேயே நல்ல அத்தியாயம் அதுதான். பெருமைக்குச் சொல்லவில்லை. எதையும் சேர்க்காமல், அவர் சொன்ன வரிசையில், கதவு திறந்ததோடு தொடங்கி எழுதினேன்.

அதுவரை நான் போட்ட புத்தகங்கள் எல்லாம் என் கைக்காசில் போட்டவை. பிரூஃப் பார்த்து, காகிதம் பார்த்து, அச்சகத்தில் மெஷின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஈரம் காயாத முதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. இந்த ஒரு புத்தகத்துக்கு அப்படி அலைய வேண்டியிருக்கவில்லை. உன் மாமனார் ஆபீஸிலிருந்து ஆள் வந்து பிரூஃபைக் கொடுத்தார், நான் திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தந்ததை வாங்கிக்கொண்டு போனார். மற்றதெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க, நீங்க விழாவுக்கு வந்தாப் போதும் என்றார்கள். எழுதுகிறவன் எழுதினால் மட்டும் போதும் என்று முதல்முறையாக ஒருவர் என்னை நடத்தினார். நானும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

விழாவுக்கு நீதான் காரை ஓட்டிக்கொண்டு வந்தாய். மண்டபம் நிறைந்த கூட்டம். என் புத்தக வெளியீடுகளுக்கு வந்த ஜனத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் இரண்டு வரிசைக்கு மேல் வராது. அட்டையில் என் பெயர், நான் இதுவரை எங்கும் பார்க்காத அளவுக்குப் பெரிதாக. சிறப்பு விருந்தினர் என் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வந்த அந்த நண்பர். அவரே மைக்கில் என் பெயரை மூன்று முறை சொன்னார். ஜரிகைத் தாளைப் பிரித்து, முதல் பிரதியைப் பெரியவர் கையில் கொடுத்து, எல்லோரும் ஆளுக்கொரு புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தோம். பெரியவர் மட்டும் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்துவிட்டார். போட்டோக்காரர், "ஐயா, இங்க பாருங்க ஐயா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கம் பக்கமாகத் தள்ளினார். பின்னாலிருந்து முன்னால் வந்தார். மறுபடி போனார். கூட்டம் அதை ரசித்துக் கைதட்டியது. பிறகு என் பக்கம் சாய்ந்து, "எங்க பாவாயத்தையக் காணமுங்களே" என்றார்.

அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். லேத்துக்கு முன்னால் இருக்க வேண்டிய அத்தியாயம் இல்லை. 'பவானியில் உறவினர் இல்லத்தில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்தார்' என்று ஒரு வரி இருந்தது. நான் எழுதாத வரி, என் பெயர் போட்ட அட்டைக்குள். நான் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே இன்றுவரை தெரியாது, மைக்குக்குத்தான் என்று நினைக்கிறேன். பின்னாலிருந்து உன் கை என் தோளில் விழுந்தது. அழுத்தவில்லை. வைத்தாய், அவ்வளவுதான். "இங்க வேண்டாமுங்கப்பா" என்றாய். உனக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது அந்தக் கையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் உட்கார்ந்தேன். பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை, கத்தவும் இல்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீங்களுமா வாத்தியாரே அவளுக்குத் தலமுழுகிப்போட்டீங்க?" என்றார். அதற்குள் அடுத்து வாழ்த்துரை வழங்க வருமாறு யாரையோ அழைத்துவிட்டார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் உன் மாமனாரைப் பிடித்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இலைக்கு இலை பாயசம் வந்ததா என்று பார்த்துக்கொண்டே, மரியாதை குறையாமல் பேசினார். "ஏனுங்க சம்பந்தி, அது ஊட்டுக்குள்ள இருக்கற சங்கதியுங்க. அப்பாவுக்கு வயசாச்சு, மனசுல பட்டதச் சொல்றாரு. நாளைக்கு என்ற பேத்திக்கு மாப்பள பாக்கோணும். என்ற பேத்தின்னா அது உங்களுக்கும் பேத்திதானுங்களே?" என்றவர், நகரும்போது திரும்பி, "உங்க பேரத்தான் நல்லாப் பெருசாப் போட்டிருக்கறமுங்களே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் வரையில் என் கணக்கு தீர்ந்துவிட்டது என்று உண்மையாகவே நம்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது. ஒரு மனுஷனின் பசியை மற்றவர்கள் எவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள் பார்.

பிறகு தோட்டத்து வீட்டுக்கு எத்தனையோ முறை போனேன். ஐயா தூங்குகிறார், ஐயா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பினார்கள். அந்த அத்தியாயத்தை நான் எடுக்கவில்லை, என் கை அதில் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை வாங்கித் தரச் சொல்லி உன்னிடம் கேட்டேன். அப்போது நீ சொன்னது: "நீங்க புஸ்தகத்த எழுதிட்டுப் போத்தனூருக்குப் போயிருவீங்க. நா தினமும் அந்த மேசையில உக்காந்து சோறு உங்கோணுமுங்கப்பா." நான் உன்னைப் பதிலுக்கு ஏசினேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று சொன்னேன். நீ போனை வைத்தாய். அன்றிலிருந்துதான் இந்த மௌனம். உன் மனக்குறை அந்த வார்த்தை. என் மனக்குறை உன் கை. இரண்டையும் எடை போட நான் வரவில்லை. என்னுடையது கனமானது என்றே இன்னும் நினைக்கிறேன்.

பெரியவர் போன செய்தியை உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கருமாதிக்கு வந்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். என் பெயர் போட்ட பையோடு ஊரே கலைந்து போயிற்று. வாசல் தள்ளி, வேப்பமரத்துக்குக் கீழே, பவானி ஜெராக்ஸ் கடைப் பெண் நின்றுகொண்டிருந்தாள். உறவுக்காரியும் இல்லை, அந்நியமும் இல்லை என்கிற மாதிரி, ஓரமாக. அவள் கையிலும் ஒரு பை. புத்தகத்தை அதற்குள்ளேயே விட்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். "அப்பவே வாங்கிப் படிச்சனுங்க சார்" என்றாள். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். பந்தலில் நீ நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

கண்ணு, உனக்குச் சொல்ல என்னிடம் அறிவுரை பெரிதாக எதுவும் இல்லை. யாராவது உன் பெயரைப் பெரிதாகப் போடுகிறேன் என்று வந்தால் உள்ளே எந்தப் பக்கத்தை எடுத்தார்கள் என்று பார்த்துக்கொள். அந்த வீட்டில் உனக்கும் ஒரு நாள் அது நடக்கும். உன் மகள் வளர்ந்து யாரையோ பிடித்திருக்கிறது என்று வந்து நிற்கிற நாளில், சாதியும் கூட்டமும் தோதாக அமையாவிட்டாலும், அவள் பெயரை வீட்டிலிருந்து எடுக்க விடாதே. உன் மாமனார் பயப்படுவது பாவாயத்தையின் கதையை மாப்பிள்ளை வீட்டார் படிப்பார்கள் என்பதற்காக. நான் பயப்படுவது உன் மகள் அதைப் படிக்காமல் வளர்வாள் என்பதற்காக.

முன்னுரை விஷயம். நேற்று உனக்கு ஒரு வரி அனுப்பினேன்: முன்னுரை எழுத மாட்டேன், அட்டையிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல். நீ படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. என் பெயர் இல்லாமல் இரண்டாம் பதிப்பு வரட்டும். அது உங்கள் வீட்டுப் புத்தகம்.

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பப்போவதில்லை. அனுப்பினால் நீ மடித்து வைத்துவிடுவாய். ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியர், தகப்பன்மார் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களை வெளியிட ஆரம்பித்திருக்கிறார். நீங்களும் எழுதுங்கள் சார், போட்டோவோடு போடலாம் என்று இரண்டு முறை கேட்டார். அவருக்குத்தான் அனுப்புகிறேன், போட்டோ இல்லாமல். எப்போதும் டைப் செய்து அனுப்புகிறவன் இதைக் கையால் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தை அவர் பார்த்ததில்லை. நேற்று முழுக்க உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு ஒன்றும் போடாமல் ஒன்றுமாக இரண்டு பிரதி எழுதினேன். கையெழுத்துப் போட்டால், ஒரு வாரத்துக்குள் கோயமுத்தூரில் இது யார் வீட்டுக் கதை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மேசையில் தினமும் சோறு உண்ண வேண்டியவன் நீ. போடாவிட்டால், தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியும்: உனக்கு, உன் மாமனாருக்கு, பத்திரிகை வந்ததும் நான் தபாலில் ஒரு பிரதி அனுப்பப்போகிற ஜெராக்ஸ் கடைப் பெண்ணுக்கு. அவளுக்குக் கொடுத்த வாக்கு அப்படியாவது நிறைவேறட்டும்.

ஊரும் பேரும் இல்லாதது வரலாறு இல்லை என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னவன் நான். இன்று கையெழுத்துப் போட்ட பிரதியைக் கிழித்துவிட்டு, மற்றதிலும் உன் பெயர், உன் மாமனார் பெயர், கம்பெனியின் பெயர், தோட்டம் இருக்கிற ஊரின் பெயர் எங்கேயாவது தப்பித்தவறி விழுந்திருக்கிறதா என்று பிரூஃப் பார்க்கிற மாதிரி ஒருமுறை பார்த்துவிட்டேன். இல்லை. உறையில் அனுப்புநர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். விடிந்ததும் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். கீழே என் பெயர் இருக்காது. உள்ளே பாவாயியின் பெயர் இருக்கிறது.